மொட்டை மாடி மிளகாய், மழைக்கால வற்றல்: சரம் கட்டிக் காயவைக்க ஒரு பாடம்

கோடை மழை எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். மதியம் வரை மண்டையைப் பிளக்கும் வெயில். நாலு மணிக்கு மேற்கே கறுத்துக்கொண்டு வரும். புழுதிக்காற்று அடிக்கும். அடுத்த பத்து நிமிஷத்தில் கொட்டித் தீர்த்துவிடும். மொட்டை மாடியில் மிளகாய் காயப்போட்டவர்களுக்கு அந்தப் பத்து நிமிஷம்தான் பரீட்சை. பாய் ஒரு பக்கம், முறம் ஒரு பக்கம் என்று அள்ளி முடிப்பதற்குள் பாதி நனைந்திருக்கும்.

அதற்குப் பிறகு நடப்பதும் தெரிந்ததுதான். "நாளைக்கு வெயில்ல போட்டா சரியாயிடும்" என்று யாராவது சொல்வார்கள். மறுநாள் போடுவோம். மேலே பார்த்தால் நல்ல சிவப்பாகத்தான் இருக்கும். டப்பாவில் அடைத்து வைப்போம். ஐப்பசி அடைமழையில் ரசத்துக்கு ஒன்றைக் கிள்ளும்போதுதான், உள்ளே சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஏதோ படர்ந்திருப்பது தெரியும். "தட்டிட்டுப் போடு, எண்ணெயில பொரிஞ்சா எல்லாம் போயிடும்" என்பதும் நம் வீடுகளில் கேட்ட பேச்சுதான்.

போகாது. இந்தப் பாடத்தின் முக்கியமான செய்தியே அதுதான். பூசணம் பிடித்த மிளகாயைக் கழுவியோ, மறுபடி காயவைத்தோ, பொரித்தோ சரிசெய்ய முடியாது. முதலிலேயே பூசணம் பிடிக்காமல் காயவைப்பது ஒன்றுதான் வழி. அதற்குச் சரம் கட்டும் முறை நன்றாகவே கைகொடுக்கும். நாலைந்து தொட்டிச் செடி வைத்திருப்பவர்கள்கூட இதைச் செய்யலாம். செலவு ஒரு நூல்கண்டுதான்.

இந்தப் பாடத்தில் நீங்கள் கற்றுக்கொள்ளப்போவது:

- எந்த மிளகாயை, எப்போது பறிப்பது
- சரம் கட்டுவது, தொங்கவிடுவது எப்படி
- கைபேசியில் வானிலை பார்த்து வேலையைத் திட்டமிடுவது
- உள்ளே காய்ந்ததா என்று சோதிப்பது
- சேமிப்பது, விற்க நினைத்தால் என்ன பதிவு தேவை, கடைப்பொடியில் சந்தேகம் வந்தால் எங்கே சொல்வது

ஏன் சரம்?

மிளகாய் நம் ஊரில் பிறந்த செடி இல்லை. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் மூலம் இந்தியாவுக்கு வந்தது. அதன் பூர்வீகத்துக்குப் பக்கத்தில், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், இன்றும் இலையுதிர் காலத்தில் சிவந்த மிளகாயைச் சரம்சரமாகக் கட்டி வீட்டு முகப்பில் தொங்கவிடுகிறார்கள். அந்தச் சரத்துக்கு 'ரிஸ்ட்ரா' என்று பெயர். குளிர்காலம் முழுக்க அதிலிருந்துதான் கிள்ளிச் சமைப்பார்கள். நம் நாட்டிலேயே காஷ்மீரில், பனிக்காலத்துக்காகக் காய்கறிகளை உலர்த்தி வைக்கும் வழக்கம் உண்டு. அங்கேயும் ஜன்னலோரம் மிளகாய்ச் சரங்களைப் பார்க்கலாம்.

நமக்கு அப்படிக் கடும் குளிர்காலம் கிடையாது. ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை உண்டு. அந்த மூன்று மாதமும் காயவைக்கிற வேலை எதுவும் நடக்காது. அதனால்தான் கோடையிலேயே வற்றல், வடகம், மிளகாய் எல்லாவற்றையும் முடித்து எடுத்து வைக்கிறோம். அவர்களுக்குப் பனிக்காலம் எப்படியோ, நமக்கு அடைமழைக்காலம் அப்படி.

ஒரு வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நியூ மெக்சிகோவில் காற்று வறண்டது. சரத்தைக் கட்டித் தொங்கவிட்டால் அது பாட்டுக்குக் காயும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் இருக்கும். அழகுக்காக வாசலில் தொங்கவிட்டுவிட்டு மறந்துபோனால், சரத்தின் நடுவில் அழுகல்தான் மிஞ்சும். இங்கே மிளகாயைக் காயவைப்பது வெயிலும் காற்றும்தான். சரம் அதற்கு உதவி செய்கிறது, அவ்வளவே.

அந்த உதவி மூன்று விதம். ஒன்று, தரையில் பரப்பினால் அடிப்பக்கம் வேர்த்துப்போகும். சரத்தில் எல்லாப் பக்கமும் காற்று படும். இரண்டு, இடம் குறைவாகப் பிடிக்கும். அடுக்குமாடி பால்கனியே போதும். மூன்றாவதுதான் பெரிய உதவி: மழை வந்தால் அள்ள வேண்டியதில்லை. கொக்கியிலிருந்து கழற்றி ஒரே கையில் உள்ளே எடுத்து வந்துவிடலாம்.

எந்த மிளகாய்? எப்போது?

சரத்துக்கு ஏற்றது நீளமான, சதை மெலிந்த சம்பா வகை. குண்டு மிளகாயைப் பரப்பிக் காயவைப்பதே நம் வழக்கம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் இந்த உருண்டை வகைதான். களத்தில் சிவப்புக் கம்பளம் விரித்த மாதிரி காயும். பஜ்ஜி மிளகாய், குடைமிளகாய் போன்றவை சதைப்பற்று அதிகம் உள்ளவை. சரத்தில் காய்வதற்குள் அழுகிவிடும். அவற்றைச் சமையலுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் மிளகாய் விதைக்க ஜனவரி–பிப்ரவரி, ஜூன்–ஜூலை, செப்டம்பர்–அக்டோபர் ஆகிய பருவங்கள் ஏற்றவை. நாற்று நட்டு ஏறக்குறைய 75 நாளில் பச்சைக்காய் பறிக்கலாம். பழமாகச் சிவக்க இன்னும் ஒரு மாதம் ஆகும். செப்டம்பர் கடைசியில் விதைத்த செடியில் மாசி, பங்குனியில் பழம் சிவந்து வரும். அந்த வெயில்தான் வற்றலுக்குச் சரியான வெயில். ஜூன் விதைப்பில் வரும் பழம் மழைக்காலத்தில் மாட்டிக்கொள்ளும். அதைப் பச்சையாகப் பறித்துப் பயன்படுத்துவதே லாபம்.

தொட்டி, விதை எல்லாம் இனிமேல்தான் வாங்கணும் என்கிறீர்களா? தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத் தொகுப்புகளை மானிய விலையில் வழங்குவது வழக்கம். அறிவிப்பு வெளியாகும்போது துறையின் இணையதளத்தில் பதிவு செய்துகொள்ளலாம். உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலும் விசாரிக்கலாம்.

பறிப்பதும் பிரிப்பதும்

1. பனி உலர்ந்த பிறகு, காலை வெயில் ஏறியதும் பறியுங்கள். மழை பெய்த மறுநாள் பறிக்காதீர்கள்.

2. முழுக்கச் சிவந்த பழமாகப் பாருங்கள். காம்போடு பறிக்கணும். காம்பு இல்லாவிட்டால் சரம் கட்ட முடியாது. காம்பு பிய்ந்த ஓட்டை வழியாகப் பூசணமும் உள்ளே போகும்.

3. அங்கங்கே பச்சை கலந்திருந்தால், நிழலில், காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று நாள் வைத்திருங்கள். ஒரே சீராகச் சிவந்துவிடும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், வேர்த்துவிடும்.

4. பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். கருமையான குழிவிழுந்த வட்டம் இருந்தால் அது பழ அழுகல் நோய். வெளுத்துப்போனது, துளை விழுந்தது, நசுங்கியது எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். "ஒண்ணுதானே" என்று கட்டினால், பக்கத்தில் தொங்குகிற நல்ல பழத்துக்கும் அது தொற்றும்.

5. தூசி இருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள். கழுவித்தான் ஆகணும் என்றால், கழுவி, துடைத்து, நிழலில் பரப்பி ஈரம் போன பிறகே கட்டுங்கள்.

பழுக்காத காய் மீந்துபோனதா? அது சரத்துக்கு ஆகாது, காய்ந்தால் வெளிறிப்போகும். அதைக் கீறி, உப்புப் போட்ட புளித்த தயிரில் ஊறவைத்து, பகலில் காயவைத்து, ராத்திரி மறுபடி அதே மோரில் போட்டு, மோர் வற்றும் வரை இப்படியே செய்தால் மோர் மிளகாய் தயார். தயிர்ச்சாதத்துக்கு வேறென்ன வேணும்?

சரம் கட்டும் முறை

தேவையானவை: தடித்த பருத்தி நூல் அல்லது மெல்லிய சணல், கோணி ஊசி, கொக்கி, கையுறை.

கையுறை ஏன் என்று கேட்காதீர்கள். காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் கரையாது. கையைக் கழுவிவிட்டோம் என்று நினைத்துக் கண்ணைத் தொட்டால் அப்புறம் தெரியும் சேதி. கையில் எரிச்சல் வந்தால் முதலில் சமையல் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் மட்டும் எண்ணெய் வேண்டாம். நிறைய நல்ல தண்ணீரால் கழுவுங்கள், எரிச்சல் அடங்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

முதல் முறை, ஊசியால் கோப்பது. காம்பின் பச்சைப் பகுதியில் மட்டும் ஊசியைக் குத்துங்கள். பழத்தின் சதையில் குத்தக் கூடாது. சதையில் விழும் ஒவ்வொரு துளையும் பூசணத்துக்கு வாசல். காயக்காயக் காம்பும் சுருங்கும், பழம் நூலில் சறுக்கி ஒன்றாகச் சேரும். அதனால் நாலைந்து பழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது முறை, பூக்கட்டத் தெரிந்தவர்களுக்கு. ஊசியே வேண்டாம். கனகாம்பரம் கட்டுவது போலவே, இரண்டு பழத்தின் காம்பைச் சேர்த்துப் பிடித்து நூலைச் சுற்றி இறுக்கினால் போதும். சதையில் ஒரு துளையும் விழாது. வீட்டில் பாட்டியோ அத்தையோ இருந்தால் அரை மணி நேரத்தில் நாலு முழம் கட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை: மல்லிகைச் சரம் மாதிரி நெருக்கிக் கட்டாதீர்கள். கட்டுக்குக் கட்டு இரண்டு விரல்கடை இடைவெளி விடுங்கள். ஒரு முழத்துக்கு 15 கட்டு, 30 பழம் என்பது நல்ல கணக்கு. அதற்கு மேல் போனால் நடுவில் காற்று புகாது. சரமும் இரண்டு மூன்று முழத்துக்கு மேல் வேண்டாம். கனம் கூடினால் அவசரத்துக்குக் கழற்ற முடியாது.

எங்கே தொங்கவிடுவது?

- காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை வெயில் படும் இடம். சுவரை ஒட்டாமல், நாலு பக்கமும் காற்றுப் படும்படி.
- துணி காயும் கொடியிலேயே கட்டலாம். ஈரத்துணிக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.
- மின்கம்பம், மின்கம்பி, கேபிள் வயர் எதிலும் கட்டாதீர்கள்.
- பால்கனிக் கைப்பிடிக்கு வெளிப்பக்கம் தொங்கவிடாதீர்கள். எட்டி எடுக்கும்போது தவறி விழுந்தால் என்னாவது? கைப்பிடிக்கு உள்பக்கமாகவே கட்டுங்கள்.
- அடுக்குமாடியில் பொது மொட்டை மாடி என்றால் சங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாத உயரம் அவசியம்.
- சாலையில் பரப்பிக் காயவைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். வண்டி ஓட்டுபவர்களுக்கும் ஆபத்து. புகை, தூசி, எண்ணெய்க் கறை எல்லாம் உங்கள் குழம்புக்குத்தான் வந்து சேரும்.

மாலை ஆனதும் சரத்தை வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். ராத்திரிப் பனியில் விட்டால், பகலில் போன ஈரம் திரும்ப ஏறிக்கொள்ளும். கைபேசியில் தினமும் மாலை 5 மணிக்கு ஒரு அலாரம் வைத்துக்கொண்டால் மறக்காது.

கைபேசியைக் கையில் எடுங்கள்

நல்ல வெயிலில் வற்றல் காய 10 முதல் 15 நாள் பிடிக்கும். அதில் முதல் நாலைந்து நாள்தான் முக்கியம். பழத்தில் ஈரம் அதிகம் இருக்கும் அந்த நாட்களில் வெயில் தவறினால்தான் பூசணம் பிடிக்கிறது. ஆகவே பறிக்கும் முன்பே அடுத்த ஐந்து நாள் வானிலையைப் பாருங்கள்.

உழவன் செயலி: தமிழ்நாடு வேளாண்மை–உழவர் நலத்துறையின் செயலி. வானிலை, மானியத் திட்டங்கள், சந்தை விலை எல்லாம் தமிழிலேயே பார்க்கலாம். விவசாயிகள் மட்டும்தான் பயன்படுத்தணும் என்றில்லை.

மேகதூத் செயலி: இந்திய வானிலை ஆய்வுத் துறையும் மற்ற நிறுவனங்களும் சேர்ந்து நடத்துவது. மாவட்டத்தைத் தேர்வு செய்தால் வரும் நாட்களின் மழை, வெப்பம், ஈரப்பதம், காற்று விவரம் கிடைக்கும். வேளாண் ஆலோசனை செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் புதுப்பிக்கப்படும்.

டி.என். அலர்ட் செயலி: மாநில அரசின் எச்சரிக்கைச் செயலி. திடீர் மழை, இடி மின்னல் எச்சரிக்கைகளுக்கு உதவும். மின்னல் எச்சரிக்கை வந்தால் மிளகாய் நனைந்தாலும் பரவாயில்லை, மொட்டை மாடிக்கு ஓடாதீர்கள்.

வானிலை பார்க்கும்போது மழை வருமா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஈரப்பதம் என்ற எண்ணையும் பாருங்கள். பகலில் வெப்பம் 30 டிகிரிக்கு மேலும், ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழும் இருந்தால் காயவைக்க நல்ல நாள். மழை இல்லாவிட்டாலும் ஈரப்பதம் 80, 85 என்று காட்டினால் சரம் காயாது, சும்மா தொங்கும்.

இன்னொரு எளிய பழக்கம்: தினமும் ஒரே இடத்தில் சரத்தைப் படம் எடுத்து வையுங்கள். தேதியோடு வரிசையாகப் பார்த்தால் எந்தப் பழம் சுருங்கவில்லை, எது கறுக்கிறது என்பது கண்ணில் பட்டுவிடும். அதைக் கழற்றி எறியலாம்.

நடுவில் வெயில் போய்விட்டால்? ஒரு நாள் என்றால் வீட்டுக்குள் மின்விசிறிக் காற்றில் தொங்கவிடுங்கள். இரண்டு மூன்று நாள் மூட்டம் நீடிக்கும் என்று தெரிந்தால், பாதி காய்ந்த சரத்தை ஓ.டி.ஜி. அடுப்பில் 60 டிகிரிக்கு மேல் போகாமல், கதவைச் சற்றுத் திறந்து வைத்து உலர்த்தலாம். அடுப்பறை ஜன்னலும் திறந்திருக்கணும். கார நெடி ஏறும். மைக்ரோவேவ் வேண்டாம், மிளகாய் கருகிப் புகைந்துவிடும். அடுப்பு வசதி இல்லையா? இன்னும் கெட்டுப்போகாத பழங்களைக் காற்றுப் புகாத பையில் போட்டு உறைபெட்டியில் வைத்துச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வற்றல் ஆகவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம். அழுகி வீணாகவில்லை, அது போதும்.

காய்ந்ததா? நான்கு சோதனை

பறித்த பழத்தில் 65 முதல் 80 சதவீதம் வரை தண்ணீர். வற்றலில் அது ஏறக்குறைய 10 சதவீதத்துக்கு வந்துவிட வேண்டும். கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. ஏனென்றால் தோல் முதலில் காயும். விதையும் நடுத்தண்டும் கடைசியில்தான் காயும். ஆகவே இந்த நாலு சோதனையையும் செய்யுங்கள்.

ஒன்று, காது. சரத்தை ஆட்டுங்கள். உள்ளே விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும். சத்தமே இல்லையென்றால் விதை இன்னும் சதையோடு ஒட்டியிருக்கிறது.

இரண்டு, கை. வெயிலிலிருந்து எடுத்தவுடன் மிளகாய் சூட்டில் மெத்தென்றுதான் இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நிழலில் அரை மணி நேரம் ஆறட்டும். பிறகு மடக்கினால் 'பட்' என்று ஒடிய வேண்டும். ரப்பர் மாதிரி வளைந்தால் இன்னும் வெயில் வேண்டும்.

மூன்று, கண். சரத்தின் நடுவில், நெருக்கமாக இருக்கும் இடத்திலிருந்து மூன்று மிளகாயை எடுத்து நீளவாக்கில் பிளந்து பாருங்கள். விதை வெளிர் மஞ்சளாக இருந்தால் நல்லது. கறுத்த விதையோ, வெள்ளை, சாம்பல், பச்சை நிறத்தில் படர்ந்த தூளோ இருந்தால் அந்தச் சரம் முழுவதையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

நான்கு, தராசு. இதுதான் நம்பகமானது. கட்டி முடித்ததும் சரத்தைச் சமையலறை டிஜிட்டல் தராசில் நிறுத்து, எடையைக் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கு இப்படி: 120 கிராம் பழத்தில் 75 சதவீதம் தண்ணீர் என்றால், தண்ணீர் 90 கிராம், மீதி 30 கிராம். வற்றலில் 10 சதவீதம் ஈரம் இருக்கலாம். அப்படியானால் அந்த 30 கிராம் என்பது 90 சதவீதம். மொத்தம் 33 கிராம் வரும். அதாவது எடை ஏறக்குறைய கால் பங்கு அல்லது அதற்குச் சற்று மேலே வந்து நிற்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் இன்னும் காயவில்லை என்று சந்தேகப்படுங்கள்.

நல்ல வெயில் அடித்த இரண்டு நாள் தொடர்ந்து நிறுத்தும் எடை குறையவில்லை என்றால் காய்ந்தாச்சு. 'நல்ல வெயில்' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூட்டமான நாளிலும் எடை குறையாது. அது காய்ந்ததால் அல்ல, காற்றிலேயே ஈரம் இருப்பதால்.

பூசணத்தை ஏன் தட்டிவிட்டுப் போடக் கூடாது?

ஈரம் நீடிக்கும் மிளகாயில், வேர்க்கடலை, மக்காச்சோளம் போலவே, சில வகைப் பூசணங்கள் அஃப்லாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கக்கூடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இது மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருட்களின் பட்டியலில் இதை வைத்திருக்கிறது. பாதிப்பு முக்கியமாகக் கல்லீரலுக்கு.

எல்லாப் பூசணமும் இந்த நஞ்சை உண்டாக்காது. ஆனால் எது உண்டாக்கும், எது உண்டாக்காது என்று நம் கண்ணுக்குத் தெரியாது. மேலே படர்ந்த தூளைத் துடைத்தாலும் உள்ளே ஊறிய நஞ்சு போகாது. வெயிலில் வைத்தால் பூசணம் வளர்வது நிற்கலாம், ஏற்கெனவே உண்டான நஞ்சு அப்படியே இருக்கும். தாளிக்கிற சூட்டையும் அது பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பொடியாக அரைத்துவிட்டாலோ கெட்டதையும் நல்லதையும் பிரிக்கவே முடியாது.

ஒரு முழச் சரம் போனால் நஷ்டம் 30 மிளகாய். அதைக் குப்பையில் போட மனசு வராமல் குடும்பத்துக்கே வருஷம் முழுக்கச் சமைத்துப் போடுவது எந்தக் கணக்கிலும் லாபம் இல்லை. ஒதுக்கிய மிளகாயை ஆடு, மாடு, கோழிக்கும் போடாதீர்கள். அவற்றுக்கும் இது நஞ்சுதான். பையில் கட்டி அப்புறப்படுத்திவிடுங்கள்.

மழைக்காலம் வரை பத்திரமாக

காய்ந்த மிளகாயைச் சூடு ஆறிய பிறகே அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்க்கும். முதல் வாரம் கண்ணாடி ஜாடியில் முக்கால் பாகம் மட்டும் நிரப்பி, தினமும் ஒருமுறை குலுக்கிப் பாருங்கள். உள்பக்கக் கண்ணாடியில் ஈரம் படிந்தாலோ, மிளகாய் மறுபடி மெத்தென்று ஆனாலோ, எல்லாவற்றையும் எடுத்து மீண்டும் இரண்டு நாள் வெயிலில் வையுங்கள். ஒரு வாரம் தாண்டியும் அதே மொறுமொறுப்பு இருந்தால், காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றி, தேதி எழுதி ஒட்டி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். வெளிச்சத்தில் நிறம் மங்கும். சமையலறையில் சரமாகவே மாட்டி வைத்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அடைமழைக்காலத்தில் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். இங்கே அழகைவிட டப்பாதான் முக்கியம்.

சேமித்த மிளகாயில் வண்டு விழுவதும் உண்டு. மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். எடுக்கும்போது ஈரக்கை படக் கூடாது. ஒரே பெரிய டப்பாவில் வைக்காமல் சிறுசிறு டப்பாவாகப் பிரித்து வைத்தால், ஒன்று கெட்டாலும் மற்றது தப்பிக்கும். பொடி வேண்டுமென்றால் ஒரு மாதத் தேவைக்கு மட்டும் அரையுங்கள். முழு மிளகாயில் கெட்டதைக் கண்டுபிடிக்கலாம், பொடியில் முடியாது.

விற்க நினைத்தால், வாங்க நினைத்தால்

வீட்டு வற்றலை அக்கம்பக்கத்தில் விற்கும் யோசனை இருக்கிறதா? நல்லது. ஆனால் மோர் மிளகாயோ மிளகாய்ப் பொடியோ தயாரித்து விற்பது உணவுத் தொழில். வீட்டிலிருந்து சிறிய அளவில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு பெற வேண்டும். 'ஃபாஸ்காஸ்' என்னும் மத்திய அரசின் இணையதளத்தில் கைபேசியிலிருந்தே விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுவாகவோ உழவர் குழுவாகவோ பெரிய அளவில் செய்பவர்கள், வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்தில் அமைத்துத் தரும் சூரிய கூடார உலர்த்தி பற்றி அந்தத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். மழை, தூசி, நாய், பறவை என்ற நாலு தொல்லையும் அதில் இல்லை.

கடையில் வாங்கும்போது, பாக்கெட்டில் இருக்கும் 14 இலக்க எண் உண்மையானதா என்று 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியில் சரிபார்க்கலாம். மிளகாய்ப் பொடியில் சாயம் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய சோதனை: கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, மேலே கொஞ்சம் பொடியைத் தூவுங்கள். கலக்காதீர்கள். உடனே சிவப்புக் கோடுகளாக நிறம் கீழே இறங்கினால் செயற்கைச் சாயம் இருக்கலாம். அப்படித் தெரிந்தால் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குக் கடை, பொருள், தயாரிப்புத் தேதி விவரங்களோடு படம் எடுத்து அனுப்புங்கள். பாக்கெட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். செடியில் நோய், பூச்சி பற்றிய சந்தேகம் இருந்தால் 1800 180 1551 என்ற உழவர் அழைப்பு மையக் கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

உங்களை நீங்களே சோதித்துப் பாருங்கள்

1. ஊசியை மிளகாயின் எந்தப் பகுதியில் குத்த வேண்டும்?
2. மழை இல்லை, ஆனால் ஈரப்பதம் 85 சதவீதம். இன்று புதிய பழம் பறித்துச் சரம் கட்டலாமா?
3. 240 கிராம் பழம் கட்டினீர்கள். இப்போது எடை 110 கிராம். அடைத்து வைக்கலாமா?
4. ஒரு மிளகாயில் மட்டும் உள்ளே சாம்பல் நிறப் பூசணம். என்ன செய்வீர்கள்?

விடைகள்: 1. காம்பில் மட்டும், சதையில் கூடாது. 2. வேண்டாம், பழம் செடியிலேயே ஓரிரு நாள் இருக்கட்டும். 3. கூடாது, மூன்றில் ஒரு பங்கு என்பதே 80 கிராம்தான், இன்னும் காய வேண்டும். 4. அதை எறிந்துவிட்டு, அந்தச் சரத்தின் மற்ற மிளகாயை எல்லாம் பிளந்து பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் சரத்தையே ஒதுக்க வேண்டும்.

நாலு கேள்விக்கும் சரியாகச் சொன்னீர்களா? அப்படியானால் இந்த வாரமே ஒரே ஒரு முழம் கட்டிப் பாருங்கள். முதல் நாள் எடையைக் குறித்து வையுங்கள், மாலை அலாரத்தைப் போட்டு வையுங்கள். ஐப்பசி மழை ஓட்டில் சடசடக்கும்போது, உங்கள் செடியில் விளைந்த, நீங்களே சோதித்துப் பார்த்த மிளகாயைத் தைரியமாக ரசத்தில் கிள்ளிப் போடலாம்.